ஊடை இல்லாமல் ஓடிய தறி

எங்கள் ஊரில் தறிச் சத்தம் நின்றபோது சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்திதான். அதை யாரிடமும் சொல்லவில்லை. கூலி உயர்வு கேட்டுச் சுற்றுவட்டாரம் முழுக்கத் தறிகளை நிறுத்திவிட்டு, அடுத்த வாரம் அடுப்பு எப்படி எரியும் என்று வீட்டுக்கு வீடு யோசித்துக்கொண்டிருந்த நேரம் அது. அந்த நேரத்தில் 'அப்பாடா, காது குளிர்ந்தது' என்று ஒரு மருமகள் நினைத்தாள் என்று தெரிந்தால் ஊர் சும்மா விடுமா?

நான் போத்தனூர்க்காரி. ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவள். கல்யாணமாகி, கருமத்தம்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த ஊருக்கு வந்தேன். இங்கே வீடும் தறிக்குடோனும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. சுவருக்கு இந்தப் பக்கம் எங்கள் அறை, அந்தப் பக்கம் தறிகள். கட்டிலில் படுத்தால் தலையணைக்குள்ளிருந்து 'டக்கட டக்கட' என்று கேட்கும். தண்ணீர்ச் செம்பை அலமாரியில் வைத்தால் அது தானாகவே மெல்ல நகர்ந்து ஓரத்துக்கு வந்துவிடும். "கொஞ்ச நாள்ல பழகிரும் அம்மணி" என்றார் அத்தை, என் மாமியார். பழகவில்லை. என் கணவர் பீளமேட்டில் ஒரு ஐ.டி. அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். வீட்டுக்கு வந்து படுத்தால் அடுத்த நிமிடம் குறட்டை. நான் மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். பகலில் கண் அசரலாம் என்றால் அதுவும் நடக்காது.

போதாததற்கு இந்த வீட்டில் எல்லோரும் உரக்கப் பேசுவார்கள். தறிச் சத்தத்தைத் தாண்டிப் பேசிப் பேசி வந்த பழக்கம். வந்த புதிதில் மாமா, அதாவது என் மாமனார், "சாப்பிட்டீங்களா அம்மணி" என்று கேட்டால் எதற்குத் திட்டுகிறார் என்று தெரியாமல் விழிப்பேன். இவ்வளவு மரியாதையாகவும் இவ்வளவு சத்தமாகவும் ஒரே நேரத்தில் பேச முடியும் என்பது எனக்குப் புதிது.

நெசவைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். நீளவாக்கில் ஓடுவது பாவு, குறுக்கே போய் வருவது ஊடை. பாவை ஒரு தடவை ஏற்றிவிட்டால் நாள்கணக்கில் ஓடும். ஊடை நூலைத் தார் என்கிற சின்னக் கட்டையில் சுற்றி, நாடாவுக்குள் வைப்பார்கள். நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாயும்போது நூல் குறுக்கே விழும். தார் சீக்கிரமே தீர்ந்துபோகும். உடனே வேறு தார் போட வேண்டும். அத்தை ஒரு தறியிலிருந்து இன்னொரு தறிக்கு ஓடி ஓடித் தார் மாற்றுவதைப் பார்த்தால், பாவைக் கடவுள் பார்த்துக்கொள்கிறார், ஊடையை அத்தை பார்த்துக்கொள்கிறார் என்று தோன்றும். பாவும் ஊடையும் எங்களுடையவை அல்ல. ஜவுளி வியாபாரி தருவார். நாங்கள் நெய்து துணியாகத் திருப்பித் தருவோம், கூலி வாங்குவோம். அந்தக் கூலி போதவில்லை என்றுதான் இப்போது வேலைநிறுத்தம்.

எங்கள் ஊரில் அதற்குத் தலைவர், பொறுப்பு எல்லாம் மாமாதான். வீடு வீடாகப் போய், "ஒருத்தரும் ஓட்டப்படாதுங்க. நம்ம ஊர்ல ஒரு முழம் துணி நெய்ஞ்சோமுன்னாலும் பேச்சு வார்த்தையில நம்ம பேச்சு எடுபடாதுங்க" என்று கைகூப்பிச் சொல்லிவிட்டு வந்தார். அவர் சொன்னால் ஊர் கேட்கும். அதே மாதிரி, யாராவது திருட்டுத்தனமாக ஓட்டினால் முதலில் அவரைத்தான் கேட்கும். யாரும் குடோனைத் திறந்து பார்ப்பதில்லை, காதுதான் காவல். டீக்கடையில் உட்கார்ந்தாலே எந்த வீட்டில் எது ஓடுகிறது என்று தெரிந்துவிடும்.

ஊர் அடங்கியது. எனக்குக் காதில் ஒரு வெற்றிடம். குயில் கூவுவது கேட்டது. யாரோ அரிசி புடைப்பது கேட்டது. ஆகா, இன்று தூங்கப்போகிறேன் என்று கைக்குழந்தையான மகளைத் தொட்டிலில் போட்டுவிட்டுப் பாயை விரித்தேன்.

மகள் தூங்கவில்லை.

என் அம்மா வீட்டில் பிறந்தவளை ஐந்தாம் மாதம்தான் போத்தனூரிலிருந்து கூட்டிவந்திருந்தோம். வந்ததிலிருந்து தொல்லையே கிடையாது. சேலைத் தொட்டிலில் போட்டால் ஆட்டக்கூட வேண்டாம், கண்ணை மூடிவிடுவாள். 'அத்தனை சத்தத்தில் எப்படித்தான் தூங்குதோ' என்று என் அம்மாவிடம் போனில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இப்போது அதே பிள்ளை வீரிட்டு அழுதாள். தூக்கினால் கொஞ்சம் அடங்கும், போட்டால் மறுபடி ஆரம்பம். மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாள், தூக்கினாலும் அழுதாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பால் போதவில்லையோ என்று பயந்தேன். வயிற்றுவலியோ என்று ஓமத்தண்ணீர் கொடுத்தோம். அம்மா போனில், "நீ என்னத்தைத் தின்ன?" என்று என்னை விசாரித்தாள். அத்தை மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டார். நெடி வரவில்லை, நல்ல கண்ணேறு என்றார். எங்கேயாவது சுளுக்கி உரம் விழுந்திருக்கும் என்று ஒரு அம்மா வந்து, பிள்ளையைச் சேலையில் போட்டு உருட்டிப் பார்த்துவிட்டு, உரமெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லிப் போனார். பீளமேட்டு டாக்டர் காதைப் பார்த்தார், தொண்டையைப் பார்த்தார், "பேபி ஈஸ் ஃபைன்" என்று முடித்துவிட்டார். எல்லோரும் ஒன்றுமில்லை என்றார்கள். ஒன்றுமே இல்லாத பிள்ளை எதற்கு இப்படி அழ வேண்டும்? என் பிள்ளைக்கு வேறு ஏதோ பெரிய கோளாறு, யாருக்கும் தெரியவில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வீடு அவ்வளவு அமைதியாக இருந்ததால் அதையும் எல்லோரும் கேட்டார்கள்.

காரணம் தெரிந்தது மாவாட்டும்போது. அடுக்களைத் தரையில் துண்டு விரித்துப் பிள்ளையைக் கிடத்தியிருந்தேன், அவள் அழுதுகொண்டிருந்தாள். அத்தை கிரைண்டரைப் போட்டார். அழுகை நின்றது. பிள்ளை கண்ணை அகல விரித்துக் கூரையைப் பார்த்தாள், பிறகு இமை சொக்கியது. மாவு ஆட்டி முடித்து கிரைண்டரை நிறுத்தியதும், யாரோ கிள்ளியது மாதிரி ஒரு அலறல்.

நானும் அத்தையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அத்தை மாவை வழித்தெடுத்துவிட்டு, கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வெறும் கல்லை ஓடவிட்டார். அழுகை நின்றது.

"அட கெரகத்த!" என்றார் அத்தை. "புள்ளைக்குத் தறி ஓடோணுமாட்ட இருக்குது."

எனக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. நான் சுமந்து பெற்ற பிள்ளை, என் தூக்கத்தைக் கெடுத்த சத்தத்துக்காக அழுகிறாளா? போத்தனூரில் பிறந்தவள் வந்து கொஞ்ச நாளிலேயே இந்த ஊர்க்காரியாகிவிட்டாளா? ஒரு பக்கம் கோளாறு ஒன்றுமில்லை என்ற நிம்மதி. இன்னொரு பக்கம், பெற்ற பிள்ளையே கட்சி மாறிவிட்டாள் என்கிற அற்பமான வருத்தம். அதையும் சொல்லிவிடுகிறேன்.

கிரைண்டரை எத்தனை நேரம்தான் வெறுமனே ஓட்டுவது? அதிலும் பிள்ளை அரைத் தூக்கம்தான் தூங்கினாள். சின்னச் சத்தத்துக்கும் விழித்தாள். அன்று சாயங்காலம் என் கணவர் ஒரு வழி சொன்னார். ஒரு தறியின் சத்தம் சரியில்லை என்று மெக்கானிக்குக் காட்ட அவர் முன்பு எடுத்த வீடியோ போனில் இருந்தது. அதை ஸ்பீக்கரில் இணைத்துத் தொட்டிலுக்குக் கீழே வைத்தார். டக்கட டக்கட என்று வீடே அதிர்ந்தது. பிள்ளை அழுகையை நிறுத்தி யோசித்தாள். பிறகு முன்னைவிடப் பலமாக அழுதாள்.

பிள்ளையைத்தான் ஏமாற்ற முடியவில்லை. ஊரை ஏமாற்றிவிட்டோம். எதிர் வீட்டுக்காரர் செருப்புக்கூட இல்லாமல் ஓடிவந்து கதவைத் தட்டினார். அவரும் சொந்தமாகத் தறி வைத்திருப்பவர். வேலைநிறுத்தம் என்றால் மாமாவைவிடக் கறார். "ஏனுங்க, ஊருக்குத்தானுங்களா உபதேசம்? உங்கூட்டுக்கில்லீங்களா?" என்று வாசலிலிருந்தே சத்தம் போட்டார். மாமா அவரை உள்ளே கூட்டிவந்து ஸ்பீக்கரைக் காட்டினார். அவர் குனிந்து அதைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "போனா?" என்றார். போன்தான் என்றோம். சிரித்துக்கொண்டே போய்விட்டார். மறுநாள் டீக்கடையில் அதுதான் பேச்சு. தலைவர் வீட்டில் போனில் தறி ஓடுகிறதாம், இனி வாட்ஸப்பில் துணி நெய்வார்களாம்.

அன்று அது ஓடியபோதே நான் மட்டும் தரையில் கை வைத்துப் பார்த்திருந்தேன். ஸ்பீக்கர் அத்தனை கத்தியும் தரை செத்துக் கிடந்தது. பிள்ளைக்குத் தேவைப்பட்டது காதுக்குள் போகும் சத்தம் இல்லை. தறி ஓடினால் சுவர் ஏறி, கூரைக் கொக்கி வழியாகத் தொட்டிலுக்குள் இறங்கும் அந்த நடுக்கம்தான்.

இரண்டொரு நாளில் பிள்ளை பாலையும் தள்ள ஆரம்பித்தாள். மார்பில் வைத்தால் ஒரு வாய் குடித்துவிட்டு அழுவாள். கண்ணுக்குக் கீழே கருத்துவிட்டது. அன்று மதியம் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து நடந்து, எனக்குக் கண் இருட்டிச் சுவரில் சாய்ந்தேன். அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமா டீக்கடைப் பக்கம் கூட்டத்துக்குப் போயிருந்தார். அத்தை எழுந்தார், ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்தார், குடோனுக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

எங்கள் அறைச் சுவரை ஒட்டியிருந்த தறிக்குப் போய், நாடாவை எடுத்து, அதிலிருந்த நூல் சுற்றிய தாரை உருவிவிட்டு வெறுங்கட்டையைச் செருகினார் அத்தை. ஊடை இழை இல்லாவிட்டால் தறியைத் தானாக நிறுத்திவிடும் சின்ன ஃபோர்க் ஒன்று உண்டு. அதைத் துணிக் கிழிசலால் தூக்கிக் கட்டினார். நெய்த துணியைச் சுற்றி இழுக்கும் பல்சக்கரத்தையும் விலக்கிவிட்டார்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. "அத்தை, மாமா ஊருக்கே வாக்குக் குடுத்திருக்காங்களே?"

"நெய்யப்படாதுன்னுதான கண்ணு சொன்னாங்க. நான் எங்க நெய்யறேன்?"

"தறி ஓடுமே?"

"ஓடட்டும். ஊடை இல்லாம தறி எங்க கண்ணு நெய்யறது? சும்மா கெடந்து கும்மாளம் போடும், அவ்வளவுதான்."

அப்படியானால் நாடாவே இல்லாமல் ஓட்டிவிடலாமே, யாருக்கும் சந்தேகம் வராதே என்று கேட்டேன். அத்தைக்கு என் அறியாமையில் பெரிய ஆச்சரியம் ஒன்றும் இல்லை. "நாடா பொட்டிக்குள்ள வந்து சேரலீன்னா படார்னு அடிச்சு நின்னுபோகும். நாடா ஓடோணும். ஊடைதான் வேண்டாம்" என்றார். பிறகு, "பாவுதான் பாவம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கைப்பிடியைத் தள்ளினார்.

தறி ஓடியது. என் தோளிலிருந்த பிள்ளை ஒரு பெருமூச்சு விட்டாள். ஓடிப்போய்த் தொட்டிலில் போட்டேன். சேலை லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. பிள்ளை என்னைப் பார்த்தாள், கண்ணை மூடினாள். நான் குனிந்து அவள் மூச்சை எண்ணுகிற மாதிரி நின்றேன். தூக்கம், நல்ல தூக்கம்!

திரும்பக் குடோனுக்கு வந்தபோது, அந்தத் தறியைப் பார்க்க என்னவோ போல் இருந்தது. நாடா வழக்கம்போலப் பாய்கிறது. ஊடையை நெருக்கும் சட்டம் வழக்கம்போல வந்து வந்து அடிக்கிறது. ஆனால் அடிப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. குறுக்கே ஒரு இழைகூட விழவில்லை. பாவு இழைகள் மேலேயும் கீழேயும் பிரிந்து பிரிந்து, எதற்காகப் பிரிகிறோம் என்று தெரியாதவை போல மறுபடி சேர்ந்தன. ஒரே இடத்தில் அடி வாங்கி வாங்கி அந்த இடம் பஞ்சு பூக்க ஆரம்பித்திருந்தது. ஊடை விழுந்தால் அது துணியாகி நகர்ந்துவிடும். இது நகரவும் இல்லை, துணியாகவும் இல்லை. 'டப்' என்று ஒரு இழை அறுந்தது. அத்தை ஓடும் தறியிலேயே குனிந்து அதைப் பிடித்து முடிச்சுப் போட்டார். அவர் முகத்தில் அவ்வளவு வருத்தம். அது யாருடைய பாவு? வியாபாரியுடையது.

டீக்கடையில் சத்தம் கேட்டிருக்கிறது. "தலைவரூட்டுப் போன் ஓடுதுங்கோ" என்று யாரோ கிண்டல் செய்ய, எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். மாமாவும் போன் என்றுதான் நினைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்து வந்திருக்கிறார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வாசலில் செருப்பைக் கழற்றினார், வெறுங்காலைச் சிமென்ட் தரையில் வைத்தார், அப்படியே நின்றுவிட்டார். காலை எடுத்து மறுபடி வைத்துப் பார்த்தார். அவருக்கு அந்தத் தரையைத் தெரியாதா?

குடோனுக்குள் வந்தார். அத்தை அவரைப் பார்த்தும் நகரவில்லை. மாமாவின் கை தறியின் கைப்பிடிக்குப் போனது. நிறுத்தினால் பிள்ளை எழுந்துவிடுவாள். நிறுத்தாவிட்டால், கைகூப்பி வீடு வீடாகப் போனவரின் பேச்சு இன்றோடு சரி. எது நடந்தால் நல்லது என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை. அவர் எங்கள் அறைக்குள் திறக்கும் கதவு வழியாக எட்டித் தொட்டிலைப் பார்த்தார். கை அப்படியே இருந்தது. பிறகு நாடாவின் பாதையைக் குனிந்து பார்த்தார். வெறும் தார்க்கட்டை அதற்குள் போய் வந்துகொண்டிருந்தது. கையை எடுத்துவிட்டார்.

"அம்மணி," என்று என்னிடம் கத்தினார், அதாவது பேசினார், "அந்தத் தார்ப்பொட்டிய எடுத்துட்டுப் போயி வாசல்ல வையுங்க. எல்லாத்தையும் வையுங்க. ஒரு தாருகூட உள்ள இருக்கப்படாது."

எதற்கென்று புரியாமலே நூல் சுற்றிய தார்கள் இருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகச் சுமந்துபோய் வெயிலில் வைத்தேன். அதற்குள் மாமா தெருவுக்கே போய்விட்டார். டீக்கடையைப் பார்த்துக் கைதட்டிக் கூப்பிட்டார். "வாங்க, எல்லாரும் வாங்க! அது போன் இல்லீங்க. என்ற ஊட்டுத் தறிதான் ஓடுது. வந்து பாருங்க."

வந்தார்கள். எதிர் வீட்டுக்காரர்தான் முதலில். குடோனில் கூட்டம் சேர்ந்துவிட்டது. தறி ஓடிக்கொண்டே இருக்க, அதற்கு மேல் எல்லோரும் கத்தினார்கள். எதிர் வீட்டுக்காரர் சொன்னார்: "புள்ளயவும் கிள்ளிப்போட்டு, தொட்டிலையும் ஆட்டறீங்களாக்கும்? நிறுத்தச் சொன்னதும் நீங்க, ஓட்டறதும் நீங்க."

"தறிதானுங்க ஓடுது. துணி எங்கீங்க?" என்றார் மாமா. "ஊடை வாசல்ல கெடக்குது. தொட்டுப் பாருங்க."

ஒருவர் நிஜமாகவே தொட்டுப் பார்த்தார். ஊடை இல்லாமல் ஓடினால் அது ஓட்டமே இல்லை என்றார். இன்னொருவர், கரண்ட் மீட்டர் சுற்றுகிறதே, மீட்டருக்கு ஊடை தெரியுமா என்று கேட்டார். பக்கத்து ஊர்க்காரன் சத்தத்தைத்தானே கேட்பான், ஊடையையா பார்ப்பான் என்றார் வேறொருவர். இதில் வியாபாரியின் பாவுதான் தேய்கிறது, துணியும் கிடையாது, ஆகவே இதுதான் சரியான வேலைநிறுத்தம் என்று ஒருவர் சொல்ல, ஒரே சிரிப்பு. மாமா மட்டும் சிரிக்கவில்லை. "அடுத்தவிய பொருளுங்க அது. கெட்டுப்போன பாவுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். அதப்பத்திப் பேசாதீங்க" என்றார். "ஓட்டப்படாதுன்னு நீங்க எல்லாரும் சொன்னா இப்பவே நிறுத்தறேன். புள்ள அழுதா அழுதுட்டுப் போகுது. ஒளிச்சு ஓட்டுனேன்னு மட்டும் யாரும் சொல்லிறப்படாது."

ஒவ்வொருவர் சொன்னதும் எனக்குச் சரியாகவே பட்டது. அதுதான் சிக்கல். ஊடை இல்லையென்றால் துணி இல்லை, உண்மை. சத்தம் சத்தம்தான், அதுவும் உண்மை. பிள்ளை தூங்குகிறாள், அது எல்லாவற்றையும்விட உண்மை. பஞ்சு பூத்துக் கிடந்த அந்தப் பாவு பொய்யா?

இதற்கு நடுவில்தான் ஒன்றைக் கவனித்தேன். மீட்டரைப் பற்றிப் பேசியவர் நூல் மூட்டைமேல் உட்கார்ந்தார். பேச்சு நின்றுவிட்டது. பார்த்தால் வாய் திறந்திருக்கிறது, தலை தொங்கியிருக்கிறது. அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் கொட்டாவி விட்டார். அது அடுத்தவருக்குத் தொற்றியது. கதவோரம் சாய்ந்து நின்ற ஒருவர் மெல்லச் சறுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார். எதிர் வீட்டுக்காரர் இன்னும் கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். ஆனால் கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது, சொன்னதையே திரும்பச் சொன்னார். தறி நின்ற நாளிலிருந்து ஊரில் ஒருவரும் ஒழுங்காகத் தூங்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆண்பிள்ளைகள் அதை வெளியே சொல்ல முடியாது. என் மகள் அழுதே சொல்லிவிட்டாள்.

இந்த வேடிக்கையை அத்தைக்குக் காட்டலாம் என்று தறிக்குப் பக்கத்தில் அவரருகே போய்ச் சுவரோரம் உட்கார்ந்தேன். முதுகுக்குப் பின்னால் சுவர் நடுங்கியது. எத்தனையோ மாதம் நான் திட்டிக்கொண்டிருந்த நடுக்கம்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. நானும் தூங்கிவிட்டேன்.

விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. தறி நின்றிருந்தது. குடோனில் யாரும் இல்லை. என்மேல் யாரோ ஒரு சேலையைப் போர்த்தியிருந்தார்கள். வாசலில் மாமா தார்ப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்க, மடியில் என் மகள் அவருடைய சட்டைப் பொத்தானைப் பிடித்துத் தின்ன முயன்றுகொண்டிருந்தாள். வாங்கிப் பால் கொடுத்தேன். மூச்சுவிடாமல் குடித்தாள்.

என்ன முடிவாயிற்று என்று அத்தையைக் கேட்டேன். "என்ன முடிவு? எல்லாரும் எந்திரிச்சுப் போயிட்டாங்க" என்றார். யார் தறியை நிறுத்தியது என்றால், "அது நின்னுது" என்றார். கணவர் வந்து டீக்கடையில் விசாரித்தார். மாமாதான் நிறுத்தினார் என்று ஒருவர் சொன்னார். எதிர் வீட்டுக்காரர் நிறுத்தச் சொன்னார் என்றார் இன்னொருவர். பிள்ளை தானாக எழுந்த பிறகுதான் நிறுத்தினார்கள் என்றார் மூன்றாமவர், ஆனால் அவர் மூட்டைமேல் குறட்டை விட்டதை நானே பார்த்தேன். மாமாவிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் பேச்சு நிலைத்ததா போயிற்றா? ஊர் மன்னித்ததா, முதுகுக்குப் பின்னால் பேசுகிறதா? ஒன்றும் தெரியவில்லை. நிச்சயமாகத் தெரிந்தது அந்தப் பாவுதான். ஒரு பக்கம் முழுக்க இழை அறுந்து தாடிபோலத் தொங்கிக்கொண்டிருந்தது. அத்தை அதன் முன்னால் உட்கார்ந்து, விளக்கு வைக்கும் நேரம்வரை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் மதியம் நெருங்க நெருங்க நான் தொட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இனி அந்தத் தறியை ஓட்ட முடியாது. மிச்சப் பாவும் போய்விடும். பிள்ளை சிணுங்க ஆரம்பித்துவிட்டாள். அப்போது வாசலில், "ஏனுங்க, இருக்கறீங்களா?" என்று குரல் கேட்டது. எதிர் வீட்டுக்காரர். அவர் இடுப்பில் ஒரு தார்ப்பெட்டி, கையில் இன்னொன்று. இரண்டிலும் நூல் சுற்றிய தார்கள் நிரம்பியிருந்தன. சண்டைக்கு வந்திருக்கிறார் என்றே நினைத்தேன்.

அவர் பெட்டிகளை மாமாவின் காலடியில் இறக்கி வைத்தார்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டுங்க. எங்கூட்டுல இப்ப ஒரு தாருகூட இல்லீங்க, வேணும்னா வந்து பாத்துக்கோங்க." கொஞ்சம் தயங்கினார். "எங்கூட்டுத் தறி ஒண்ணுல பாவு தீரப்போற கடைசிங்க. தேஞ்சாலும் கைமண்ணளவுதான். அதான், சித்த நேரம்... புள்ளைக்குத்தானுங்க."

மாமா அவருடைய சிவந்த கண்களைப் பார்த்தார். முகத்தில் ஒரு சிரிப்பும் காட்டவில்லை.

"ஆமாங்க," என்றார். "புள்ளைக்குத்தான்."

கொஞ்ச நேரத்தில் எதிர் வீட்டில் தறி ஓட ஆரம்பித்தது. தெருவைத் தாண்டி வந்ததால் சத்தம் மெலிந்திருந்தது. இது போதுமா என்று தெரியாமல் தொட்டிலின் சேலையைத் தொட்டுப் பார்த்தேன். இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத ஒரு நடுக்கம். மகள் ஒரு முறை சிணுங்கிவிட்டுக் கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டாள். வாசலில் மாமா, ஊடை நிறைந்த பெட்டிகளின்மேல் கையை வைத்துக்கொண்டு, நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தார்.